சிவப்பு வண்டியா, வெள்ளை வண்டியா என்று கேட்டாயே

கண்ணு,

சான்டா கிளாராவிலிருந்து நீ அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. உன் அப்பா அதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி படித்தார். ஒரு பக்கம் சிவப்பு வண்டி, இன்னொரு பக்கம் வெள்ளை வண்டி. எஞ்சின் என்ன, எவ்வளவு பாரம் இழுக்கும், பிரேக் எப்படி, எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். திவ்யாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது இதில் கால்வாசியாவது யோசித்தாயா என்று தெரியவில்லை. போகட்டும், நல்ல பெண்ணாக அமைந்துவிட்டாள். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு விமானம் ஏறியவன் நீ. மெதுவாகவே படி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து, "அம்மா, டோன்ட் வொரி, ஐ வில் டேக் கேர்" என்பாய். நானும் சரி கண்ணு என்று வைத்துவிடுவேன். அப்படி வைத்துவிடக் கூடாது என்றுதான் இந்தக் காகிதம்.

கல்யாணம் வெஸ்ட் வின்ட்சரில், பெண் வீட்டார் ஊரில். சமையல் என்னுடையது என்று நீயும் அவர்களும் பேசி முடித்துவிட்டீர்கள். அதற்காக எனக்கு ஒரு புது டிரக் வாங்கித் தருகிறாய், அதில் நம் டிரெய்லரைக் கட்டி, ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரை மலைகளைத் தாண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும், வழித்துணைக்கு நீயும் வருகிறாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. இந்த ஊரில் மகன்கள் அம்மாவுக்கு வைர மூக்குத்தி வாங்கித் தருகிறார்கள், நீ லாரி வாங்கித் தருகிறேன் என்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எந்த வண்டி என்று சொல்வதற்கு முன்னால், அந்த டிரெய்லரை நான் அங்கே இழுத்துக்கொண்டு வருவதா, வேண்டாமா என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, கண்ணு. தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்பு இல்லை இது.

முதலில் வண்டிக்கு வருகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் உனக்கு மனசு ஆறாது. நீ அட்டவணையில் எழுதியதை நான் நம்பாமல் இல்லை. ஆனால் கம்பெனிக்காரன் தன் வண்டியை எப்போது குறை சொல்லியிருக்கிறான்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதனால் நம் டிரெய்லரையே கட்டி இழுத்துப் பார்த்துவிடுவது என்று நானும் அப்பாவும் போன சனிக்கிழமை வண்டிக் கடைக்குக் கிளம்பினோம். கல்யாணத்துக்குப் போவது போலவே ஏற்றினோம். இரண்டு கிரைண்டர், அடுப்புகள், அண்டாக்கள், அரிசி மூட்டைகள், மடக்கு மேஜைகள், எல்லாம். கடைசியாக ரசக் குண்டானில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, டிரெய்லர் சுவரோடு சேர்த்துக் கட்டினேன். "இது எதுக்கு அம்மிணி?" என்று அப்பா கேட்டார். "எந்த வண்டி பிரேக் போட்டா ரசம் சிந்தாதுன்னு பாக்கோணுமில்லீங்க" என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கயிறும் போட்டுக் கட்டினார்.

விற்பனைக்காரர் வயசானவர், நல்ல மாதிரி. ஆனாலும் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா, "ஷி இஸ் தி டிரைவர். ஐ ஒன்லி டை தி ரோப்ஸ்" என்றார். அதற்கப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். டிரெய்லரின் பின்கதவைத் திறந்து பார்த்தவர், "வாட் இஸ் ஆல் திஸ், மேம்?" என்றார். "வெட்டிங்" என்றேன். அவர் கதவை மூடிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

ஹூஸ்டனில் மேடு ஏது? தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். கிழக்கே கப்பல் கால்வாய்க்கு மேல் இருக்கும் அந்த உயரமான பாலம்தான் நமக்கு மலை. முதலில் சிவப்பு வண்டியில் ஏறினேன். பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு வீட்டுச் சமையலறையே தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அதற்கு இல்லை. கியர் மாறவில்லை, சத்தம் கூடவில்லை, ஏசியை அணைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. நம் பழைய வண்டியில் டாலஸ் போகும்போதெல்லாம் எஞ்சின் சூடாகிவிடுமே என்று ஏசியை அணைத்துவிட்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு போவோமே, அதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடுகிறது. உள்ளே எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. சிக்னலில் பிரேக் போட்டால் முதலாளியைக் கண்ட வேலையாள் மாதிரி சடக்கென்று நிற்கிறது. திரும்பி வந்து பார்த்தால் குண்டானில் பாதித் தண்ணீர் அரிசி மூட்டைமேல்.

குண்டானை மறுபடி நிரப்பிக்கொண்டு ஏறிய வெள்ளை வண்டி அப்படி இல்லை. கதவு ஒரு தள்ளுக்கே பீரோ மாதிரி மூடிக்கொள்கிறது. தையல், பெயின்ட், ஸ்விட்ச், எதைத் தொட்டாலும் அக்கறையாகச் செய்திருக்கிறான். பிரேக்கும் அப்படித்தான், தண்ணீர் ஒரு கை அளவுகூடச் சிந்தவில்லை. பாலம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. கியரைக் கூட்டுவதும் குறைப்பதுமாகத் தடுமாறிக்கொண்டே ஏறியது. ஏறிவிட்டது, ஏறாமல் இல்லை. டென்னசி மலையில் நாள் முழுக்க அப்படி ஏறினால் அதற்கும் கஷ்டம், ஓட்டுகிறவளுக்கும் கஷ்டம். ஆக, வீட்டில் வைத்துப் பத்து வருஷம் புழங்குவதற்கு வெள்ளை. பாரம் கட்டி மலை தாண்டுவதற்குச் சிவப்பு. ரசத்தைக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக்கொண்டால் போயிற்று. இதுதான் என் தீர்ப்பு, உன் அட்டவணையில் எழுதிக்கொள்.

இந்த டிரெய்லர் விஷயத்தில் எனக்கு எப்படி இத்தனை விவரம் வந்தது என்று திவ்யாவிடம் நீ பெருமையாகச் சொல்வாயாமே. அவளே போனில் சொன்னாள். "ஆன்ட்டி, நீங்க ஹைவேல டிரெய்லரை டிரிஃப்ட் பண்ணீங்களாமே, சூப்பர்!" என்றாள், நான் வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டியது போல. நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அப்பாவுக்கு அப்போதிருந்த எண்ணெய்க் கம்பெனியில் வேலை போய், நான் வீட்டில் இட்லி ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்து, அது சீமந்தம், காதுகுத்து, கல்யாணம் என்று வளர்ந்த சமயம். பழைய டிரக்கையும் டிரெய்லரையும் அப்போதுதான் வாங்கியிருந்தோம். டாலஸில் ஒரு கல்யாணம். போய் இறங்கின உடனே மாவு ஆட்டி வைத்தால்தான் ராத்திரி புளித்து, காலையில் இட்லி. அதனால் முதலில் இறங்க வேண்டியது கிரைண்டர். முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டு, கோயமுத்தூரிலிருந்து கப்பலில் வந்த அந்த இரண்டு கல் கிரைண்டரையும் டிரெய்லரின் வால் பக்கம், கதவோரம் வைத்துக் கட்டினேன். சமையல்காரிக்கு அது புத்திசாலித்தனம். வண்டிக்காரிக்கு அது பைத்தியக்காரத்தனம். கனமெல்லாம் பின்னால் போனால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், டிரக்மேல் அழுந்தி உட்காராது, வேகம் பிடித்தால் வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. இந்த ஊரில் படகு இழுக்கிறவன் இருக்கிறான், குதிரை இழுக்கிறவன் இருக்கிறான், கிரைண்டர் இழுத்தவள் யார் இருந்தாள்?

ஹன்ட்ஸ்வில் தாண்டி ஓர் இறக்கத்தில் அது ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. அப்புறம் கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் ஒரு தடவை இந்தப் பக்கம் தெரிகிறது, ஒரு தடவை அந்தப் பக்கம் தெரிகிறது. டிரக்கையே இடுப்பைப் பிடித்து உலுக்குகிறது. அப்பா, "பிரேக்கு போடாத அம்மிணி, பிரேக்கு போடாத!" என்று கத்தினார். எனக்கும் பிரேக்கில் கால் வைக்கப் பயம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ நடுவில், அப்பளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு "வாவ்!" என்றாய். வண்டி தானாக வேகம் குறைந்து ஓரமாக நின்றது. கிரைண்டர்களை முன்னால் நகர்த்திக் கட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, டாலஸ் போய் மாவு ஆட்டினேன். இட்லி பூ மாதிரி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அன்றைக்குச் செத்துப்போயிருப்பேன், என்னோடு நீயும் அப்பாவும் போயிருப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீ அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாய், அது உன் தப்பில்லை. நான் சிரித்துக்கொண்டு இறங்கினேனே.

எல்லாமே அப்படித்தான் நடந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. சிரித்துக்கொண்டே இறங்கி இறங்கி எனக்குப் பழகிவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டபோது பெல்ட் கட்டிக்கொண்டு அண்டா தூக்கினேன். "ஆன்ட்டி, நீங்க எப்பவும் எனர்ஜெட்டிக்" என்றார்கள். உன் காலேஜ் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அன்று மாலையில் ஆஸ்டினில் ஒரு ரிசெப்ஷன் ஆர்டர் இருந்தது. உன்னோடு போட்டோவில் நிற்கும்போது என் மனசு வெங்காயம் நறுக்க ஆள் வந்திருப்பானா என்பதிலேயே இருந்தது. திவ்யாவின் அம்மா, எனக்குச் சம்பந்தி என்று சொல்ல வேண்டும், போன வாரம் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சென்னைக்காரர். "நீங்க இருக்கும்போது வேற யாரு சமைக்கிறது, சொல்லுங்க? எங்க சைடுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கோம், மாப்பிள்ளையோட அம்மாவே கேட்டரிங்னு. எவ்ளோ பெருமை எங்களுக்கு!" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கென்னங்க, ஜமாய்ச்சிரலாம்" என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அழுதேன். அப்பா பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காபி போட்டு வந்து வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

திவ்யாவோடு நீ குடும்பம் நடத்தப்போகிறாய். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வீட்டில் யார் "பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்" என்று அடிக்கடி சொல்கிறார்களோ, அவர்கள் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள். அவள் சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி. அவள் வேலைக்கும் போய் வந்து சமைத்தும் வைத்தால், "எங்க அம்மா இதைவிட நல்லா செய்வாங்க" என்ற வார்த்தை தப்பித் தவறியும் உன் வாயில் வரக்கூடாது. எனக்குப் பெருமை தேடுகிறேன் என்று அவள் தலையில் கல்லைப் போடாதே. நீயும் அடுப்புப் பக்கம் போ. அண்டா கழுவத் தெரிந்தவன்தானே நீ, பாத்திரம் கழுவ வெட்கம் என்ன?

சனிக்கிழமை என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். விற்பனைக்காரர் வந்து, "ஸோ, விச் ஒன், மேம்?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சீட் நன்றாக இருந்தது. இறங்கினால் டிரெய்லரைக் கழற்ற வேண்டும், பழைய வண்டியில் மாட்ட வேண்டும், வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் இறக்க வேண்டும், அரிசி நனைந்திருப்பதைக் காய வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சுகர் லேண்டில் ஒரு காதுகுத்து. ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கதவுப் பிடியைத் தொடக் கை வரவில்லை. ஜுரம் இல்லை, வலி இல்லை. இறங்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அப்பா ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, எறங்கலையா?"

"இருங்க."

"மேலுக்கு ஆகலையா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க. எறங்கத்தான் புடிக்கல."

அப்புறம், "பையன்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார். எதைச் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வேண்டாமுங்க, எம்பட பையன், நானே சொல்றேன்" என்றேன். அவர் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். விற்பனைக்காரர் வெயிலில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நாங்கள் விலை பேசிக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார்.

ஆகையால் சொல்கிறேன். சிவப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். உன் கல்யாணத்துக்கு நான் சமைக்க மாட்டேன். எழுதிவிட்டேன். அங்கே பக்கத்தில் எடிசனில் நன்றாகச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்களாம், சம்பந்தி அம்மாவிடம் நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். நீ நடுவில் வராதே. அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், இருக்கட்டும். பழைய வண்டி ஓடுகிறவரை ஹில்க்ராஃப்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வர அது போதும். சின்னச் சின்ன ஆர்டர் வந்தால், முடிந்தால் செய்வேன், முடியாவிட்டால் முடியாது என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக வேண்டும், உன்னிடமிருந்து ஆரம்பித்திருக்கிறேன். உன் காசைப் பத்திரமாக வை. உன் கம்பெனி பங்கு ஏறுகிறது ஏறுகிறது என்கிறாய். ஏறுவதை நம்பி டிரக் வாங்காதே, அப்பாவின் எண்ணெய்க் கம்பெனியும் ஒரு காலத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

உனக்கு எதையாவது செய்தே ஆக வேண்டும் என்றிருக்கும், எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். எனக்கும் அப்பாவுக்கும் விமான டிக்கெட் எடு, ஜன்னலோர சீட். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் கரண்டி இல்லாமல் வருவேன். எத்தனை கல்யாணத்துக்குச் சமைத்திருக்கிறேன், ஒன்றிலாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனா? எல்லோரும் போன பிறகு டிரக்கில் உட்கார்ந்து, அண்டா அடியில் மிச்சமிருந்ததைப் பிசைந்து தின்றதுதான் என் கல்யாணச் சாப்பாடு. உன் கல்யாணத்தில் முதல் பந்தியில், அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இலை போடச் சொல். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் எழுந்து உள்ளே போக மாட்டேன், சத்தியம். மாலையும் கழுத்துமாக நீயும் திவ்யாவும் வரிசையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டு வருவீர்களே, அப்போது என் இலைக்கு முன்னால் கொஞ்சம் நில். "அம்மா, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்று கேள். ஊரில் உள்ளவர்களை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை, கண்ணு.

நான், "போடச் சொல்" என்பேன்.

அம்மா